மீனுக்கு மட்டும் மெல்லிய வளையம்

வளையத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தெரியாதவள் நான். நான் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். ஆனால் ஒரு வளையத்தை இரண்டு விரலால் நெருடினால் போதும், அது எத்தனை நாள் தாங்கும், எந்தப் பக்கம் வாய் பிளக்கும் என்று சொல்லிவிடுவேன்.

எந்த வளையம் என்று கேட்பீர்கள். காதில் போடுவதல்ல, கையில் போடுவதும் அல்ல. அரைஞாண் கயிற்றில் சங்கு, நண்டு, வேல், சின்ன மணி என்று உருக்கள் தொங்குகின்றனவே, அந்த உருவையும் கயிற்றையும் சேர்க்கிற பொடி வளையம். மிளகு அளவுதான் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. நண்டு அழகாக இருக்கிறது என்பார்கள், சங்கு அழகாக இருக்கிறது என்பார்கள். வளையம் வாய் பிளந்து நண்டு தொலைந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே நினைவுக்கு வரும்.

எங்கள் நைனா கடலுக்குப் போகாத நாள்களில் குப்பத்துக்கே தூண்டில் முள் வளைத்துக் கொடுப்பார். அவர் காலடியில் விழும் துண்டுக் கம்பிதான் எனக்கு விளையாட்டுச் சாமான். கப்பலில் இருந்து கழன்று கரையில் ஒதுங்கிய ஆணி ஒன்றை வைத்துக்கொண்டு அதில் கம்பியைச் சுற்றுவேன். நெருக்கமாக, ஒரு சுற்றின் தோளில் அடுத்த சுற்று இடிக்கிற மாதிரி சுற்ற வேண்டும். பிறகு ஆணியை உருவிவிட்டு உளியால் நெடுக வெட்டினால் வளையம் வளையமாக உதிரும். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். பொரி உதிர்கிற மாதிரி இருக்கும்.

கோட்டைக்குள் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு கம்பிக்குப் பஞ்சமில்லை. கப்பலில் செம்பு வந்து இறங்கும். பழவேற்காட்டுக் கன்னான்கள் அதை இழுத்துக் கம்பியாக்குவார்கள். செம்பு கைக்கு இதமானது, சொன்னபடி கேட்கும். ஆனால் சொன்னபடி கேட்பது எல்லார் சொல்லையும் கேட்கும். குழந்தை இழுத்தாலும் வாய் திறந்துவிடும். பித்தளை கொஞ்சம் முரடு, ஆனால் மூடினால் மூடியதுதான். வெள்ளி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு வெள்ளியில் செய்வேன். அதுவும் மெதுவானதுதான், அதனால் கம்பியின் கனத்தைக் கூட்டிக்கொள்வேன்.

கனம் மட்டும் போதாது. ஒரே கம்பியில் மொச்சை அளவு வளையம் செய்தால் தொளதொளவென்று இருக்கும். அதே கம்பியில் மிளகு அளவு செய்தால் ஆனையைக் கட்டலாம். வாயைத் திறக்கும்போது இரண்டு முனையையும் எதிரெதிராக விரிக்கக் கூடாது. விரித்தால் வட்டம் போய்விடும், திரும்ப எத்தனை நெருக்கினாலும் சரியாகச் சேராது. ஒரு முனை நம் பக்கம் வர, ஒரு முனை அந்தப் பக்கம் போக, பக்கவாட்டில் முறுக்க வேண்டும். மூடும்போது அதே வழியில் திரும்பி வர வேண்டும், கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். மூடிய பிறகு என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி வாயில் நுழைத்துப் பார்ப்பேன். முடி நுழைந்தால் அந்த வளையம் திரும்பவும் குறட்டுக்குப் போகும். இப்போது என் தலையில் பிடுங்குவதற்கு அவ்வளவாக இல்லை, அது வேறு கதை.

கோட்டையில் இருந்து ஒரு துரைசானி என்னைத் தேடி வந்ததைச் சொல்லாமல் விட மாட்டேன். வெயிலில் சிவந்து நண்டு மாதிரி இருந்தாள் பாவம். கூட அவள் வீட்டில் வேலை செய்கிற எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். துரைசானியின் இடுப்பில் பாவாடைக்கு மேலே ஒரு சங்கிலி. அதில் சாவி, கத்தரிக்கோல், ஊசி வைக்கிற குப்பி, என்னென்னவோ தொங்கியது. நடந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம்.

"இன்னாடி இது, உங்க தொரசானிம்மா அரைஞாண துணிக்கு மேல கட்டிகினு கீறாங்க?" என்று கேட்டேன்.

"அவுங்க ஊரு வழக்கம் அது. சாவி தொங்குற வளையம் மாசத்துக்கு ஒண்ணு பிச்சிகினு போவுது. போன வாரம் பண்டசாலை சாவி கெணத்துல வுழுந்து ஒரே பேஜாரு. நீ போட்டா பிரியாதுன்னு சொன்னேன். நீ கெவுரதையா போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்துத் துரைசானி ஆள் அனுப்பினாள், இன்னும் நாற்பது வேண்டும் என்று. அதற்குப் பிறகு குப்பத்தில் நான் கால் தரையில் படாமல்தான் நடந்தேன். "என் கை வளையம் தொறக்காது" என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். மீன் ஆயும்போது சொல்லுவேன், தண்ணீர் மொள்ளும்போது சொல்லுவேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அந்த நாக்கால் என் தங்கச்சிக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொருத்தியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஓலைப் பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பிடித்ததை அதில் போடுவோம். அப்படி ஒரு நாள் முகத்துவாரத்துப் பக்கம் போன எங்கள் குப்பத்து மருமகள் ஒருத்தி திரும்பி வரவில்லை. வலை கட்ட நட்டிருந்த கழியில் அவள் அரைஞாண் சங்கு சிக்கிக்கொண்டது. ஏற்றத் தண்ணீர் வேகமாக வந்தது. தலைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர்தான். கழியோடு சேர்த்துத்தான் அவளை எடுத்தார்கள்.

சங்கில் இருந்தது நான் போட்ட வளையம். திறக்கவே இல்லை.

இழவுக்கு வந்த பெண்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஆளு போய்ட்டா, வளையம் போவல பாரு. அப்டியாப்பட்ட கை" என்று என்னைப் பார்த்துப் பேசினார்கள். புகழ்ந்துதான் பேசினார்கள். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அதில் இருந்து எனக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. வலையில் கல் கட்டுகிறோம். கல்லை வலையோடு கெட்டியான கயிற்றால் கட்ட மாட்டோம். நடுவில் ஒரு மெல்லிய நூல் இருக்கும். கல் பாறையில் சிக்கினால் நூல் அறும், கல் போகும், வலை மிஞ்சும். கல்லுக்கு அந்தப் புத்தி வைத்திருக்கிறோமே, பெண்ணுக்கு ஏன் வைக்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. கெட்டியான வளையம் போடுகிறவள் என்று பேர் எடுத்துவிட்டு, இனிமேல் அறுகிற வளையம் போடுகிறேன் என்றால் யார் வருவார்கள்?

இப்போது தங்கச்சிக்கு வருகிறேன். அவளைப் பசியாவரத்தில் கொடுத்திருந்தோம். ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு ஊர். படகில்தான் போக வேண்டும். அவள் வீட்டுக்காரன் நல்ல பிள்ளை. எப்போதும் இளித்துக்கொண்டிருப்பான். ஒரு வருஷம் ஏரியில் மீன் சரியாக இல்லை. உலாந்தாக்காரர் கப்பலில் பாய் இழுக்க ஆள் எடுத்தார்கள். கிழக்கே கடலுக்கு அப்பால் அவர்கள் பிடித்து வைத்திருந்த பத்தாவிக்குப் போகிற கப்பல். அவன் பேர் கொடுத்துவிட்டான்.

எங்கள் ஏரிக்கரை ஊர்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போகிறவன் புறப்படுகிற அன்று பெண்சாதியின் அரைஞாணில் தன் கையால் ஒரு உருவை மாட்ட வேண்டும். வளையத்தின் வாயைக் கடைசியாக அவனே பல்லால் கடித்து மூட வேண்டும். அந்த உரு அவள் இடுப்பில் இருக்கிற வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று கணக்கு. தானாகக் கழன்று விழுந்தால் அவன் போய்விட்டான். பத்தாவியில் இருந்து வேறு எப்படிச் சேதி தெரியும்? கப்பல் போனால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே.

தங்கச்சிக்கு அவன் வெள்ளியில் ஒரு மீன் செய்வித்துக் கொண்டுவந்தான். விரல் நீளம். செதில் செதிலாக, வால் இரண்டாகப் பிளந்து வளைந்து இருந்தது. தட்டான் ஆசையாகச் செய்திருந்தான். அந்த வாலை விரலால் தடவிப் பார்த்தேன். அது வால் இல்லை, கொக்கி. தூண்டில் முள் வளைக்கிறவர் மகளுக்கு அது தெரியாதா? இவளோ தினமும் ஏரியில் குனிந்து சேற்றைத் தடவுகிறவள்.

"யக்கா, கெட்டியா போடு. ஒனக்குத் தெரிஞ்சதுலயே கெட்டியானதா போடு" என்றாள் தங்கச்சி.

"ஏரிக்குப் போவும்போது இத அவுத்து வெச்சிட்டுப் போவியாடி?"

"அவுக்கக் கூடாதுக்கா. அதான் வழக்கம். இன்னா நீ புச்சா கேக்குற?"

அவள் கயிற்றில் ஏற்கனவே நான்கு உருக்கள் இருந்தன. நான்கும் சின்னவை, உருண்டையானவை, எதிலும் சிக்காதவை. அவற்றில் நான் போட்ட பித்தளை வளையம் இருந்தது. அவற்றை அப்படியே விட்டேன். மீனுக்கு மட்டும் மெல்லிய வெள்ளிக் கம்பி எடுத்தேன். அதையும் அடுப்பில் காட்டி இளக்கினேன். மொச்சை அளவுக்குச் சுற்றினேன். இளக்கிய கம்பி திரும்ப இறுக வேண்டுமானால் அதை முன்னும் பின்னும் இரண்டு தரம் முறுக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பளபளவென்று இருந்தது. தங்கச்சி கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் போட்டுக்கொள்ள மாட்டாள்.

புறப்படுகிற அன்று காலையில் பசியாவரமே கரையில் நின்றது. அவன் மீனை மாட்டிக் குனிந்து வளையத்தைக் கடித்தான். சுற்றி நின்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"பாத்துடா, பல்லு போனா பத்தாவில கஞ்சிதான்!"

"வளையத்தக் கடிக்கச் சொன்னா இன்னாடா அவ்ளோ நேரம் அங்கியே கீற?"

தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டாள். அவன் நிமிர்ந்தான். இளித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நிறுத்தினான். கரையில் நான் தனியாக நின்ற இடத்துக்கு வந்து மெதுவாகக் கேட்டான்.

"யக்கா, வளையம் வெண்ண கணக்கா கீதே?"

"வலைல கல்லுக்குக் கட்டுற நூலு கணக்குதான். வால பாத்தியா? கழில சிக்குனா இவள வுட்டுட்டு அது போவட்டும்னு போட்டேன்."

அவன் வாலை நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது. தலையை ஆட்டினான். "நல்லது செஞ்சக்கா. அவகிட்ட சொல்லாத" என்றான். போய்விட்டான். அப்படி அந்த வளையத்தின் சங்கதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தன் கப்பலில்.

இது தை மாதம். ஆடியில் ஒரு நாள் தங்கச்சி ஏரியில் இருந்து ஏறி வந்து இடுப்பைத் தடவியிருக்கிறாள். மீன் இல்லை.

எனக்குச் சேதி மறுநாள்தான் வந்தது. சேதி என்ன, அவள் மாமியாரே படகேறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒல்லியான மனுஷி. அவனுக்கு மேலே மூன்று பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள். கூரை எரவாணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. நான் அப்போது துரைசானிக்கு வளையம் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. பேசியிருக்க மாட்டேனோ என்னவோ.

"ஏம்மே, மீனு வுழுந்துட்ச்சி" என்றாள். "நா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ளதச் சொல்லு. உன் வளையம் வாய் தொறந்துகினுதா? அப்டி எதனா கீதா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். அவ்வளவு தூரம் படகேறி வந்ததே அதற்குத்தான். எனக்கு அது புரிந்தது. புரியாமல் பேசினேன் என்று சொன்னால் பொய்.

"என் வளையம் தொறக்காது அத்தே" என்றேன்.

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "அந்த மவராசி சாவுல பாக்கலியா, இவ கை வளையம் தொறக்குமா?" என்றாள்.

கிழவி எரவாணத்தை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "செரி. அப்ப எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்தணும். அங்க யாரு கீறா அவனுக்கு" என்றாள். அவளைக் கெட்டவள் என்று யாராவது நினைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை செத்துத் தண்ணீர் இல்லாமல் அலைகிறானே என்றுதான் அவளுக்கு அவசரம். பத்தாம் நாள் காரியம் செய்வது, அன்றைக்கே தங்கச்சியின் தாலியை எடுப்பது என்று ஊரில் பேசி முடித்தார்கள்.

ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் நான் வளையம் வெட்டினேன். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். படகு கிடைக்கவில்லை என்று ஒரு நாள். காற்று சரியில்லை என்று ஒரு நாள். ஒரு நாள் படகு கிடைத்தது, காற்றும் சரியாக இருந்தது; அன்றைக்கு எனக்குத் தலைவலி வந்துவிட்டது. சொன்னால் கோட்டை வீட்டு வேலை போகும், குப்பத்தில் பேர் போகும். அதையும்விட, பொய் சொன்னேன் என்று ஆகும். அவனே திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒரு நினைப்பு. பத்தாவியில் இருந்து ஒன்பது நாளில் யார் வருவார்கள்?

பத்தாம் நாள் போனேன். விடிந்து வெகு நேரமாகியிருந்தது. தங்கச்சியை மஞ்சள் பூசி, பூ வைத்து, உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடி வளையல் கை நிறையப் போட்டிருந்தது, உடைப்பதற்காக. ஊர்ப் பெரியதனக்காரர் கரையில் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் எதிரில் நின்றேன்.

"நிறுத்துங்க. அவன் சாவல. வளையம்தான் போச்சி. நாந்தான் மெலிசா போட்டேன். கழில சிக்குனா அறுந்து போவட்டும்னு வேணும்னே போட்டேன்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

பெரியதனக்காரர், "மாமியா வந்து கேட்டப்போ தொறக்காதுன்னு சொன்னியாமே?" என்றார்.

"அது பொய்யி."

"அப்ப அது பொய்யி, இது நெசமா? இன்னிக்கு எதுக்கு வந்து சொல்ற? தங்கச்சி தாலி போவுதுன்னு சொல்ற."

"சாமி சத்தியமா நெசம்."

அவர் பாவம், நியாயமான மனுஷர். சட்டென்று தள்ளிவிடவில்லை. தங்கச்சியின் அரைஞாணைக் கொண்டுவரச் சொன்னார். மிச்சம் இருந்த நான்கு உருக்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். பெரிய கை அவருக்கு, சுறா பிடித்த கை. ஒரு வளையம் அசையவில்லை. முள் பிடுங்குகிற சின்னச் சாவணத்தை வாங்கி வாயில் விட்டு நெம்பினார். சாவணம்தான் வளைந்தது. பிறகு அதைச் சுற்றி இருந்தவர்களுக்குக் காட்டினார்.

"நாலு நிக்கிது. அவன் மாட்டுனது மட்டும் போச்சி. ஒரே கை செஞ்ச வளையம் அஞ்சு. இதுக்கு மேல இன்னா சேதி வேணும்?"

அது மட்டும் மெலிசு, மற்றது கெட்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏன் அப்படி என்று கேட்டார்கள். வால் வளைவு என்றேன், வலைக் கல் நூல் என்றேன், அவனுக்குத் தெரியும் என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

"அவனுக்கு. போற அன்னிக்கு அவங்கிட்ட சொன்னேன்."

யாரோ ஒருத்தி, "செத்தவன சாட்சிக்குக் கூப்புடுறா பாரு" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தார்கள். எல்லாரும் அழுதார்கள். அந்தச் சத்தத்தில் என் பேச்சு எடுபடவில்லை. மாமியார் மட்டும் என் கையைப் பிடித்து, "போதும்மே. நீ சொன்னது எனக்கு ஆறுதலா கீது. ஆனா எம்புள்ள தண்ணி இல்லாம நிக்கக் கூடாது" என்றாள்.

தாலியை எடுத்தார்கள். வளையலை உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டம். தங்கச்சி என்னிடம் முன்னைவிடப் பிரியமாகிவிட்டாள். படகேறி என் வீட்டுக்கு வருவாள், நண்டு கொண்டுவருவாள், என் தலையில் பேன் பார்ப்பாள். ஒரு நாள் நானே மறுபடி எடுத்தேன். "நா அன்னிக்குச் சொன்னது நெசம்டி" என்றேன்.

"வுடுக்கா. எனுக்குத் தெரியும். எனக்காவ ஊரு முன்னால நின்னு உன் கை வேலையே மட்டம்னு சொன்ன. யாரு அப்டி சொல்லுவா? நீ உசுரே போனாலும் உன் வளையத்தக் கொறச்சி சொல்ல மாட்ட."

அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். சுகமாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, சுகமாக இருந்ததை. இப்படியே இரண்டு வருஷம் அவள் பிரியத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கப்பல் வந்தது. கரையில் இருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தார்கள். படகில் ஆள்களை இறக்கினார்கள். எங்கள் குப்பத்துக்காரன் ஒருவன், தங்கச்சி வீட்டுக்காரனோடு அதே கப்பலில் பாய் இழுத்தவன், ஒரு சின்ன மூட்டையோடு இறங்கினான். தங்கச்சி அன்றைக்கு என் வீட்டில் இருந்தாள். அவன் நேராக அங்கே வந்தான். வெள்ளைத் துணியில் அவளைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றான்.

"ஒனக்கு எப்டி அதுக்குள்ள தெரியும்? நாந்தான சேதி கொண்டாந்தேன்?"

நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். ஜுரம் என்றான். பத்தாவியில் சேற்று நாற்றம், கொசு, கப்பலில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள் என்றான். இவன் கையில்தான் தங்கச்சி வீட்டுக்காரனுக்கு உயிர் போயிருக்கிறது.

"எப்போ?" என்று கேட்டாள் தங்கச்சி.

"போன வருசத்துக்கு முந்தின வருசம், கார்த்திக தீபத்துக்கு மறுநாளு. மொத நாளு நாங்க அங்கியே கப்பல்ல வெளக்கு வெச்சோம். அவந்தான் எண்ண ஊத்துனான். படுத்துகினே ஊத்துனான்."

ஆடியில் மீன் விழுந்தது. கார்த்திகையில் அவன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறான். தங்கச்சி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. நான்கு விரல். திரும்பவும் எண்ணினாள்.

வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் பேசிக்கொண்டே போனான்.

"உன்னப் பத்திதான் பேசிகினே இருப்பான். ஏரில எறங்குறாளே, மீனு வாலு கழில மாட்டிக்கப் போவுதேன்னு நா ஒரு வாட்டி சொன்னேன். சிரிச்சான். எங்க யக்கா கெட்டிக்காரி, மாட்டுனா அறுந்துகினு போற மாதிரி மெலிசா வளையம் போட்டுக் குடுத்துச்சி, எனக்கு அந்தக் கவலையே இல்லன்னான்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அவன் போன பிறகு நான் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே கேட்டாள்.

"எங்க மாமியா வந்து கேட்டாங்களே. அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்டி."

"ஒம்போது நாளு."

"ஆமா."

"அந்த மழைக் காலம் பூரா நா பூ வெச்சிகினு இருந்திருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்குப் போயிருந்தால் உப்பு வாங்கியிருக்கலாம் என்கிற மாதிரி சொன்னாள். "அங்க அவன் உசுரோட வெளக்கு ஏத்திகினு கீறான். இங்க நா முக்காட்டப் போட்டுகினு மூலைல குந்திகினு கீறேன்."

"அறுந்ததாலதான்டி நீ ஏரில இருந்து ஏறி வந்த. கழில சிக்கித்தான் அறுந்திருக்கும்" என்றேன். உண்மைதான் அது. அந்த நேரத்தில் அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"இருக்கலாம்க்கா. வளையத்தப் பத்தியா நா கேக்குறேன்?"

வந்தவன் விட்டுப்போன, தன் புருஷனின் மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கரை வரைக்கும் கூடப் போனேன். அங்கே நின்று சொன்னாள்:

"நீ எனக்காவ பொய் சொன்னன்னு நெனச்சிகினு இருந்தேனே, அப்போ உன் மேல எவ்ளோ பிரியம் வெச்சிருந்தேன் தெரியுமா?"

படகு தயாராக இருந்தது. ஏறினாள். தண்ணீர் வற்றுகிற நேரம். எங்கே சேறு, எங்கே பள்ளம் என்று பார்த்துக் கழி ஊன்ற வேண்டும். படகுக்காரர் வயதானவர். கொஞ்ச தூரம் போனதும் அவளே கழியை வாங்கி ஊன்ற ஆரம்பித்துவிட்டாள். பசியாவரத்துக் கரை படகை மறைக்கிற வரைக்கும் நான் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழி ஊன்றுகிறவள் முன்னால்தான் பார்க்க வேண்டும், திரும்பிப் பார்க்க அவளுக்கு எங்கே முடிந்திருக்கும் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.